மண்டபம் வேறு, மாநாட்டு மண்டபம் வேறு

கொழும்புத் தமிழருக்கு மண்டபம் புதிய விஷயம் இல்லை. பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலோ கதிரேசன் மண்டபத்திலோ கலியாணச் சாப்பாடு சாப்பிடாதவர்கள் குறைவு. வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் கம்பன் விழா, தமிழ்ச் சங்கத்தில் நூல் வெளியீடு என்று ஏதாவது ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கிறோம். பௌத்தாலோக மாவத்தையில் உயர்ந்த வெள்ளைத் தூண்கள் சூழ நிற்கும் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தையும் அந்த வரிசையிலேயே சேர்த்து, "பெரிய மண்டபம்" என்று சொல்லிவிடுகிறோம். பேச்சு வழக்கில் அது வெறும் பி.எம்.ஐ.சி.எச்.

ஆனால் அது பெருப்பித்துக் கட்டிய கலியாண மண்டபம் இல்லை. அதன் வேலையே வேறு. கலியாண மண்டபத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் இருந்து ஒரே மேடையைப் பார்க்கிறார்கள். தாலி கட்டி, சாப்பிட்டு முடிந்ததும் போகிறார்கள். மாநாட்டில் ஆயிரம் பேர் காலையில் ஒன்றாகக் கூடுவார்கள். பத்து மணிக்கு இருபது குழுக்களாகப் பிரிவார்கள். தேநீருக்குக் கலப்பார்கள், மறுபடி பிரிவார்கள், மாலையில் திரும்பவும் ஒன்றாவார்கள். இப்படியே மூன்று நாள் போகும். இந்தக் கூடலும் பிரிதலும் ஒன்றோடொன்று முட்டாமல் நடக்க இடம் செய்து கொடுப்பதுதான் மாநாட்டு மண்டபத்தின் தொழில். இதை மனதில் வைத்துக்கொண்டால் அதன் சுவர், கூரை, கதவு எல்லாவற்றுக்கும் காரணம் விளங்கத் தொடங்கும்.

கோயிலை நினைத்துப் பாருங்கள். மூலஸ்தானம் மட்டும் இருந்தால் கோயில் ஆகாது. மகாமண்டபம், வசந்த மண்டபம், உள்வீதி, வெளிவீதி, மடப்பள்ளி எல்லாம் வேண்டும். திருவிழாவன்று சனம் எங்கே நிற்கும், சுவாமி எந்த வாசலால் வெளியே வரும், நைவேத்தியம் எந்த வழியால் உள்ளே போகும் என்பது கட்டும்போதே யோசித்த விஷயம். மாநாட்டு மண்டபத்தின் வரைபடமும் அப்படித்தான் பிறக்கிறது.

கொழும்பு மண்டபம் சீனாவின் அன்பளிப்பு. 1956 முதல் 1959 இல் கொல்லப்படும் வரை பிரதமராக இருந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் நினைவாக, 1973 மே மாதத்தில் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் சீனக் கட்டடக் கலைஞர் டாய் நியன்ட்ஸு. பெய்ஜிங்கில் உள்ள சீனத் தேசிய கலைக்கூடமும் அவருடைய வேலைதான். திறந்து மூன்று வருடத்துக்குள், 1976 ஆகஸ்டில், அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சிமாநாடு இங்கே கூடியது. யூகோஸ்லாவிய ஜனாதிபதி டிட்டோ வந்தார், இந்திரா காந்தி வந்தார். எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் தலைவர்களும் பிரதிநிதிகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். பிறகு சார்க் மாநாடுகளும் நடந்தன. ஆனால் நம்மில் அநேகருக்கு இந்த வளாகம் பழகியது செப்டெம்பர் மாதத்து சர்வதேசப் புத்தகக் கண்காட்சியால்தான்.

முதலில் கண்ணில் படுவது அந்த எண்கோணம். நீள்சதுரக் கட்டடத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று உண்டு. பின்பக்கத்தால் வருகிறவர் மனதில் தான் பின்வாசலால் வந்தவன் என்ற எண்ணம் இருக்கும். எண்கோணத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே முகம். சின்ன நாடு, பெரிய நாடு என்ற வேறுபாட்டை மறுக்க வந்த ஒரு மாநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடைத்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

சுற்றியுள்ள தூண்களும் அழகுக்கு மட்டும் நிற்பவை அல்ல. கொழும்பு பூமத்திய கோட்டிலிருந்து ஏறத்தாழ ஏழு பாகைதான் வடக்கே இருக்கிறது. வெயில் வருடம் முழுவதும் தலைக்கு மேலே. மழை வருடத்துக்கு 2,000 மில்லிமீற்றரைத் தாண்டும். கூரையை வெளியே நீட்டி, அதைத் தூண்களில் தாங்கி, சுவரை உள்ளே தள்ளிவிட்டால் சுவரில் வெயிலும் படாது, சாரலும் அடிக்காது. நம்முடைய ஊர் வீட்டு விறாந்தையின் தத்துவம்தான். அளவுதான் பத்து மடங்கு.

பிரதான மண்டபத்தில் ஏறத்தாழ 1,500 பேர் இருக்கலாம். இத்தனை பேரை ஓர் அறையில் இருத்தும்போது மூன்று சிக்கல்கள் வரும்: பார்ப்பது, கேட்பது, மூச்சு விடுவது.

பார்ப்பது சுலபமானது. முன்னால் இருப்பவரின் தலை மறைக்கக் கூடாது. மனிதரின் கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் இடையே ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் இருக்கும். ஆகவே ஒவ்வொரு வரிசையிலும் இருப்பவரின் பார்வைக்கோடு முன்வரிசைத் தலைக்கு அந்த அளவு மேலாகப் போகும்படி தரையைப் படிப்படியாக உயர்த்த வேண்டும். மேடையிலிருந்து தூரம் போகப் போக இந்த ஏற்றம் செங்குத்தாகும். அதனால்தான் பின்வரிசைப் படிகள் முன்வரிசைப் படிகளைவிட உயரமாக இருக்கும். நடுவில் தூணும் வரக் கூடாது. சாதாரணக் கட்டடத்தில் ஆறு, எட்டு மீற்றருக்கு ஒரு தூண் வைத்துக்கொள்ளலாம். இங்கே கூரை முழுவதையும் ஓரங்களில் மட்டும் தாங்க வேண்டியிருப்பதால், உருக்கு முக்கோணங்களைப் பின்னிச் செய்த சட்டகங்கள் மேலே மறைந்திருக்கும். அழகான உட்கூரைக்கு மேலே ஒரு ரயில் பாலம் படுத்திருக்கிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

கேட்பதுதான் கடினம். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

ஓர் அறையில் கை தட்டினால் சத்தம் உடனே அடங்குவதில்லை. சுவர், கூரை, தரை என்று பட்டுத் திரும்பித் திரும்பி வந்து மெல்ல மறையும். இதை எதிர்முழக்கம் என்கிறோம். தேவாலயத்தில் பாட்டு இனிமையாகக் கேட்பதும், அதே இடத்தில் பிரசங்கம் குழம்பிப் போவதும் இதனால்தான். பேச்சுக்கு ஒரு செக்கனை ஒட்டிய எதிர்முழக்கம் நல்லது; அதற்கு மேல் போனால் முதல் சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையை மூடிவிடும். தமிழில் இது இன்னும் சிக்கல். "வந்தான்", "வந்தாள்", "வந்தார்" என்று நம்முடைய சொற்கள் தங்கள் பொருளைக் கடைசி எழுத்தில் வைத்திருக்கின்றன. முழங்குகிற மண்டபத்தில் முதலில் தொலைவது அந்தக் கடைசி எழுத்துத்தான்.

இதை முதன்முதலில் எண்ணால் அளந்தவர் வாலஸ் சபைன் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1895 அளவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. அதைத் திருத்தும் பொறுப்பு இளைஞரான இவரிடம் வந்தது. ஊர் அடங்கிய பிறகு இரவில் ஓர் ஒலிக்குழாயும் நேரங்காட்டும் கடிகாரமுமாக உட்கார்ந்து, பக்கத்து அரங்கிலிருந்து கதிரை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஒவ்வொரு மெத்தைக்கும் சத்தம் எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்று அளந்தார். ஒன்றுமில்லாத மண்டபத்தில் ஐந்து செக்கனுக்கு மேல் முழங்கிய ஒலி, மெத்தை கூடக் கூடக் குறைந்துகொண்டு வந்தது. அறையின் கன அளவு கூடினால் முழக்கம் கூடும். ஒலியை உறிஞ்சும் பரப்புக் கூடினால் குறையும். அந்தச் சூத்திரம் இன்றைக்கும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 10,000 கன மீற்றர் மண்டபத்தில் முழக்கம் ஒரு செக்கனுக்கு வர வேண்டுமானால் படும் ஒலி முழுவதையும் உறிஞ்சும் பரப்பு 1,600 சதுர மீற்றர் அளவு வேண்டும். கதிரையில் இருக்கும் ஒரு மனிதர் ஏறத்தாழ அரைச் சதுர மீற்றருக்கு ஈடாக உறிஞ்சுவார். 1,500 பேர் நிறைந்தால் தேவையில் பாதியளவை சனமே பார்த்துக்கொள்ளும்! அப்படியானால் ஆட்கள் வராத நாளில்? அதற்காகத்தான் தடித்த மெத்தைக் கதிரை போடுகிறார்கள். ஆள் எழுந்து போனாலும் மெத்தை அவருக்குப் பதிலாக நின்று உறிஞ்சும். நாம் சொகுசு என்று நினைக்கும் கதிரைக்கு உண்மையில் இந்த வேலையும் உண்டு. மீதியைத் துளையிட்ட மரப்பலகையும் துணி ஒட்டிய சுவரும் பார்க்கும். சமாந்தரமாக எதிரெதிரே நிற்கும் வழுவழுப்பான சுவர்கள் இருந்தால் ஒலி பந்து போல இரண்டுக்கும் நடுவே அடிபடும். எண்கோணத்தில் அப்படி நான்கு சோடிச் சுவர்கள் உண்டு என்பதால், அந்த வடிவத்தில் அரங்கு கட்டுபவர் உட்சுவரைக் கூடுதல் கவனத்தோடு உடைத்து, சாய்த்து, போர்த்த வேண்டியிருக்கும்.

நெலும் பொக்குண அரங்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். பராக்கிரமபாகுவின் பொலனறுவைத் தாமரைக் குளத்தைப் பார்த்து இதழ் இதழாக அமைத்து 2011 டிசெம்பரில் திறந்த அந்தக் கட்டடம் ஆட்டத்துக்கும் பாட்டுக்குமானது. இசைக்கு முழக்கம் கொஞ்சம் நீண்டால்தான் அழகு. பேச்சுக்குக் கட்டியதில் கச்சேரி வரண்டு கேட்கும், கச்சேரிக்குக் கட்டியதில் கருத்தரங்கு குழம்பும். எல்லாவற்றுக்கும் ஒரே மண்டபம் என்று விளம்பரம் செய்யும் இடங்களைக் கண்டால் எனக்கு முதலில் சந்தேகமே வருகிறது.

மூன்றாவது, மூச்சு. சும்மா இருக்கும் மனித உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடும். 1,500 பேர் என்றால் 150 கிலோவாட். எழுபத்தைந்து மின்கேத்தல்களை மண்டபத்துக்குள் ஒன்றாகக் கொதிக்க வைத்ததற்குச் சமம். ஆளுக்கு மணிக்கு நாற்பது கிராம் நீராவி என்று பார்த்தாலும் அறுபது லீற்றர் தண்ணீர் காற்றில் கலக்கும். ஏற்கெனவே ஈரமான கொழும்புக் காற்றில் குளிரூட்டியின் பாதி உழைப்பு குளிராக்குவதில் இல்லை, ஈரத்தைப் பிழிவதில்தான். இதில் சத்தமும் வரக் கூடாது. காற்றைச் சின்னக் குழாயால் வேகமாக அனுப்பினால் இரையும். அகலமான குழாயால் மெதுவாக அனுப்ப வேண்டும். அந்த அகலமான குழாய்களுக்கும் இடம் வேண்டும் என்பதால்தான் இப்படிப்பட்ட கட்டடங்களின் கூரை, வெளியிலிருந்து பார்க்கும்போது, தேவைக்கு மேல் தடித்ததாகத் தெரிகிறது. 2022 இல் மணிக்கணக்கில் மின்வெட்டை அனுபவித்த நமக்கு மின்பிறப்பாக்கி ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை.

இனி, அரங்குக்கு வெளியே வருவோம். ஒரு புத்தகக் கண்காட்சிக்கு மருமகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவள் அந்த அகன்ற முன்கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, சும்மா நிக்கிறதுக்கு ஏன் இவ்வளவு இடம் விட்டிருக்கினம்? கதிரை போட்டா இன்னும் கனபேர் இருக்கலாமே?"

"சும்மா நிக்கிற இடமில்லைப் பிள்ளை. மாநாடு நடக்கிறதே இங்கதான்" என்றேன்.

உண்மை அதுதான். மேடையில் வாசிக்கப்படும் உரை முன்கூட்டியே எழுதியது. இரண்டு பேர் ரோல்ஸும் பற்றிஸும் கையில் வைத்துக்கொண்டு ஒரு தூணோரம் பேசிக்கொள்வது யாரும் எழுதி வைக்காதது. உடன்பாடுகள் அங்கேதான் முளைக்கின்றன. இன்னொரு காரணமும் உண்டு. அமர்வு முடிந்ததும் 1,500 பேர் ஐந்து நிமிடத்துக்குள் வெளியே வருவார்கள். அவர்களைத் தாங்கும் அகலம் கதவுக்கு வெளியே இல்லாவிட்டால் கதவு எத்தனை இருந்தும் பயனில்லை. இந்த இடத்தில் மிச்சம் பிடிக்கிற கட்டடம் பிறகு எத்தனை கோடி செலவழித்தாலும் சரிவராது.

சுற்றியுள்ள சிறிய அறைகள் குழுக்களுக்கானவை. புதிய மண்டபங்களில் இவற்றுக்கு நடுவே மடக்கி ஒதுக்கும் சுவர்கள் வருகின்றன; காலையில் மூன்று அறை, மாலையில் ஒன்று. சுவர் நகர்வது பெரிய காரியமில்லை. பக்கத்து அறைக் கைதட்டல் கேட்காமல் அது அடைக்கிறதா என்பதே கேள்வி. முன்பதிவு செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: "300 பேர் கொள்ளும்" என்றால் எப்படி இருத்தினால் என்று கேளுங்கள். கதிரை மட்டும் அடுக்கினால் 300 பேர் கொள்ளும் அறையில், எழுதுவதற்கு மேசையும் வைத்தால் இருநூறு பேர் கூட இருக்க முடியாமல் போகலாம்.

கண்காட்சிக் கூடத்தின் கதை தரையில் இருக்கிறது. அலுவலகத் தரை ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 250 கிலோ தாங்கினால் போதும். புத்தகமோ ஒரு கன மீற்றர் முக்கால் தொன் வரும். தலைக்கு மேல் அடுக்கிய புத்தக வரிசை எவ்வளவு பாரம் என்று பாருங்கள். லொறியே உள்ளே வந்து இறக்கும் கூடமானால் தரை இன்னும் பலமாக வேண்டும். சிறிமாவோ பண்டாரநாயக்க ஞாபகார்த்தக் கண்காட்சி நிலையம் வளாகத்துக்குள்ளேயே தனிக் கட்டடமாக நிற்பதில் நியாயம் இருக்கிறது. பேச்சும் பாரமும் ஒரே தரையைக் கேட்பதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் பின்னால் நாம் காணாத இன்னொரு கட்டடம் இருக்கிறது: குசினி, களஞ்சியம், ஒலிக் கட்டுப்பாட்டு அறை, ஊழியர் நடைபாதை, விருந்தினர் தனிவாசல். பார்வையாளர், மேடைக்கு வருபவர், சாமான் மூன்றும் மூன்று பாதையில் போக வேண்டும். உச்சிமாநாட்டில் இது பாதுகாப்பு; சாதாரண நாளில் இது மரியாதை. சக்கரக் கதிரையில் வருபவரையும் சாமான் பாதையால் கூட்டிப்போகக் கூடாது. பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓரடிக்கு மேல் ஏறாத சாய்தளம் முன்வாசலிலேயே வேண்டும். 2006 முதல் இதற்கு இலங்கையில் ஒழுங்குவிதிகளும் உண்டு.

கொள்ளளவும் வாசல்களும் நமக்கு வெறும் எண்ணாக இருக்க முடியாது. கொழும்பு மண்டபம் திறந்த மறு வருடம், 1974 ஜனவரியில், நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்தது. கொழும்பிலா யாழ்ப்பாணத்திலா என்று நீண்ட இழுபறிக்குப் பிறகு அது யாழ்ப்பாணத்தில்தான் கூடியது. கடைசி நாள், வீரசிங்கம் மண்டபத்துக்குள் அடங்காத சனம் வெளியே திரண்டு இருந்தது. அந்த இரவில் பொலிஸ் அந்தச் சனத்துக்குள் புகுந்தபோது உயிர்கள் போயின. அதற்குக் கட்டடம் காரணமில்லை. ஆனாலும் ஒரு மண்டபத்தின் "இத்தனை பேர்" என்ற எண்ணைக் காணும்போதெல்லாம், வெளியே நிற்கப் போகிறவர்கள் எத்தனை பேர், அவர்கள் போக வழி எது என்றுதான் என் மனம் முதலில் கேட்கிறது.

கடைசியாக, கண்ணாடிக் கூண்டுகள். பெரிய மாநாட்டு அரங்கில் இருந்தபடி திரும்பிப் பாருங்கள். பின்சுவரிலோ பக்கத்திலோ உயரத்தில் வரிசையாகச் சின்னக் கண்ணாடி அறைகள் தெரியும். உரைபெயர்ப்பாளர்கள் அங்கேதான் இருப்பார்கள். மேடையில் பேசுபவர் ஒரு மொழியில் சொல்லச் சொல்ல, சில செக்கன் பின்னாலேயே இன்னொரு மொழியில் சொல்லிக்கொண்டு வருவார்கள். இந்த முறை 1945 இல் தொடங்கிய நியூரம்பேர்க் விசாரணைகளில் பெரிய அளவில் நிலைபெற்றது. கேட்டுக்கொண்டே பேசுவது மூளையைப் பிழியும் வேலை. இருபது, முப்பது நிமிடத்துக்கு மேல் ஒருவரால் தரமாகச் செய்ய முடியாது. அதனால் ஒரு கூண்டில் குறைந்தது இருவர் மாறி மாறி இருப்பார்கள். கூண்டு எவ்வளவு பெரிதாக, எவ்வளவு ஒலி அடைப்போடு, மேடை நேராகத் தெரியும்படி இருக்க வேண்டும் என்பதற்கு சர்வதேசத் தரநிர்ணயமே இருக்கிறது. பேசுபவரின் வாயும் கையும் முகமும் தெரியாவிட்டால் உரைபெயர்ப்பில் பாதி போய்விடும். ஒலியைக் கதிரைக்குக் கொண்டுவருவதற்கு அகச்சிவப்புக் கதிர்களை விரும்புவார்கள். அவை சுவரைத் தாண்டா, ஆகவே வெளியே நின்று ஒட்டுக்கேட்க முடியாது.

மும்மொழி நாட்டில் இந்தக் கூண்டுகள் இராசதந்திரிகளுக்கு மட்டும் உரியவை அல்ல. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. ஆனால் சட்டத்தில் இருக்கும் மொழி காதுக்கு வர ஒரு கூண்டும் இரண்டு மனிதரும் வேண்டும். சில வருடங்களுக்கு முன் கொழும்பில் வேறோர் இடத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில் இருந்தேன். தமிழுக்கு ஒரே ஓர் உரைபெயர்ப்பாளர். கூண்டும் இல்லை, அரங்கின் மூலையில் ஒரு மேசை. ஒரு மணி நேரத்தில் அவருடைய குரல் தளர்ந்தது, வசனங்கள் பாதியில் நின்றன, பிறகு காதொலிப்பானில் இரைச்சல் மட்டும் வந்தது. வன்னியிலிருந்து விடிய வெளிக்கிட்டு வந்த அம்மா ஒருவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். அவர் அதைக் கழற்றவில்லை. இரைச்சலைக் காதில் வைத்துக்கொண்டே மேடையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

பிழை அந்த உரைபெயர்ப்பாளருடையது இல்லை. இருவர் செய்ய வேண்டிய வேலையை ஒருவரிடம் கொடுத்தார்கள். ஆகவே நீங்கள் ஒரு நிகழ்வுக்கு மண்டபம் தேடுகிறீர்கள் என்றால், கதிரை எத்தனை, வாகனத் தரிப்பிடம் எத்தனை என்று கேட்பதற்கு முதல் இதைக் கேளுங்கள்: கூண்டு எத்தனை, அங்கிருந்து மேடை தெரியுமா, தமிழுக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? நிகழ்வுக்கு முந்திய நாள் போய், கடைசி வரிசைக் கதிரையில் இருந்து, தமிழ் அலைவரிசையைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். யாரையாவது மேடையில் நிற்க வைத்து "வந்தாள்" என்று சொல்லச் சொல்லுங்கள். அந்தக் கடைசி ளகரம் உங்களுக்குக் கேட்க வேண்டும்.